மேலிருந்து இரண்டாவது

ஓசூரில் யாரோ கைமாற்றிவிட்ட பழைய கேமரா.
மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து.
மாற்ற வழியில்லை என்று சொல்லித்தான்
முந்நூறு ரூபாய் குறைத்தான்.
வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ்,
கட்டைவிரலுக்கு மட்டும் இந்த மூன்றாவது பாஷை.
மேலிருந்து முதலாவது: வேண்டாம்.
மேலிருந்து இரண்டாவது: அழி.
அர்த்தம் தெரியாது, இடம் தெரியும்,
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி மாதிரி.

காலை ஏழு நாற்பது, காவேரிப்பட்டணம்.
பூஜ்யம் ரூபாய் என்று அச்சடித்த டிக்கெட்டில்
இந்த மூன்று வருஷம் போன தூரத்தைக் கூட்டினால்
காசிக்கு இரண்டு தரம் போய்வந்திருக்கலாம்.
போனதெல்லாம் கிருஷ்ணகிரி.

கண்ணாடி ஜன்னல் கிடைக்கிற நாட்களில்
எடுக்கும் படத்திலெல்லாம்
என் மூக்குத்தி ஓர் ஓரமாய் விழுந்துவிடுகிறது.
சையத் பாஷா மலைமேல் ஒரு மூக்குத்தி.
கிரானைட் ஏற்றிய லாரியின் நெற்றியில் ஒன்று.
"ஊரையே பொண்ணு பார்க்க உட்கார வச்சிருக்கே"
என்றாள் ஷபானா.

கல்லூரிப் போட்டிக்குத் தலைப்பு: அழகு.
கடைசி நாள் வெள்ளி.
எல்லாரும் வேன் பிடித்து ஒகேனக்கல் போய்
மீன் வறுவல் வாசனையோடு
ஒரே அருவியை நாற்பத்தொரு தரம் கொண்டுவந்தார்கள்.
நான் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் பின்னால் போனேன்.
ஜூன் மாதம்.
அந்தச் சந்தில் காற்றே கொஞ்சம் பிசுபிசுக்கும்.
பாதி இனிப்பு, பாதி புளிப்பு, ஈ.
அதை எடுக்க ஒரு பொத்தான் இருக்கலாம்,
மேலிருந்து ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ.
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அங்கே லகுமம்மா
சாக்குமேல் மாங்கொட்டை பரப்பிக்கொண்டிருந்தாள்.
நாற்றுக்காரர்கள் எண்ணி வாங்குவார்களாம்.
"எடு, ஆனா எனக்கு ஒண்ணு குடுக்கணும்.
ரேஷன் கார்டுல இருக்கிறது நானே இல்ல."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
முழங்கை வரை சாறு. எடுத்தேன்.
"அய்யோ, கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு."
முகம் துடைத்து, முந்தானை இழுத்து,
தாசில்தார் எதிரே நிற்பதுபோல் நின்றாள்.
அதையும் எடுத்தேன், மனமில்லாமல்.

நாற்பது படத்தில் நிரம்பிவிடும் அட்டை.
திரும்பும் பஸ்ஸில் ஒன்றைக் கழிக்க வேண்டும்.
எதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
தென்பெண்ணைப் பாலம் ஏறும்போது வண்டி குலுங்கியது,
படம் ஒன்று தள்ளிப்போனது,
விரல் தன் இரண்டாவதை அழுத்திவிட்டது.

சிரித்தவள் போய்விட்டாள்.
நின்றவள் நிற்கிறாள்.

தொலைந்த படம்தான் மனசில் நிற்கும் என்பார்கள்.
பொய்.
மூன்றாம் நாளே முகம் கலங்கிவிட்டது.
முழங்கை மட்டும் இருக்கிறது,
சொட்டப் போகிற அந்தத் துளியோடு.
பல் தெரிந்ததா? சத்தியமாய்ச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை எதையும் அனுப்பவில்லை.
ரவுண்டானா ஸ்டூடியோவில் பதினைந்து ரூபாய்க்கு
நின்றவளைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்.
மன்னிப்பைத் தெலுங்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டு.

லகுமம்மா கையைப் புடவையில் இரண்டு தரம் துடைத்தாள்.
விளிம்பை மட்டும் பிடித்தாள்.
ரொம்ப நேரம்.
"இது நானு" என்றாள்,
அடையாள அட்டை தொலைத்தவள் போலீஸிடம் சொல்வதுபோல்.
பக்கத்துக் குவியல் பெண்ணைக் கூப்பிட்டாள்:
"பாருடி, கண்ணு தொறந்திருக்கு."

என் ஒத்திகை வாயிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில்
இதுவரை தொடாத மூன்றாவதை அழுத்திப் பார்த்தேன்.
நீளமாய் ஏதோ கேட்டது. சரி என்றேன்.
அதிலிருந்து எல்லாப் படத்தின் மூலையிலும்
ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுகிறது,
நான் பிறப்பதற்கு ஒரு வருஷம் முந்தைய ஜனவரி.
நிறுத்தத் தெரியவில்லை.

நேற்று எடுத்தது: காலிச் சாக்கு, மழை,
ஜன்னலில் மூக்குத்தி.
இன்னும் பிறக்காத ஒருத்தியின் மூக்குத்தி.